பூட்டு இருக்கிறது, கடை இருக்கிறதா?

கேள்வி: 'ஆம்பூர் தோல் ஷூ, ஃபேக்டரி விலை 799' என்று போனில் விளம்பரம் வந்தது. தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததால் நம்பி யூபிஐயில் பணம் போட்டேன். பத்து நாளாகியும் சரக்கு வரவில்லை. இப்போது, 'ரீஃபண்ட் வேண்டுமானால் இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய PIN நம்பரைப் போட்டால் இன்னொரு முறை பணம் போகும். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு PIN நம்பர் தேவையே இல்லை.

செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் அதன் அடையாளமான 12 இலக்க யூடிஆர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். பத்து நாள் அதிகம்தான், ஆனாலும் சொல்லுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

பூட்டுப் படத்துக்கு வருவோம். உங்கள் போனுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே சில நிமிடங்களில் கிடைக்கிறது. திருடன் வீட்டுக் கதவுக்கும் பூட்டு உண்டுதானே!

பார்க்க வேண்டியது கடைக்காரரை. இணையக் கடைகளுக்கான 2020 மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அதிகாரியின் தொடர்பு விவரம் தளத்தில் இருக்க வேண்டும். 'ஆம்பூர்' என்று மொட்டையாகப் போட்டால் அது முகவரி ஆகாது. கதவு எண் இருந்தால், உங்களுக்குப் பஸ் ஏறினால் ஆம்பூர்தான், நேரிலேயே பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி எண் எழுத்தும் இலக்கமும் கலந்து 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் உரிமையாளர் பெயர் வரும். அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுபவர்களும் இருப்பதால், PIN நம்பர் போடும் முன் யூபிஐ செயலி காட்டும் பெயரோடு அந்த உரிமையாளர் பெயரை ஒப்பிடுங்கள். சம்பந்தமில்லாத ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆர்டர் செய்த மிக்ஸி ஒன்று, வந்தது வேறு. திரும்ப வாங்க மறுக்கிறார்கள். கம்பெனி டெல்லியில். வழக்குப் போட அங்கே போக வேண்டுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். போனில் போட்ட சண்டைக்குத் தேதி இருக்காது. அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள்.