டிவி பேச்சு நிகழ்ச்சிகளில் சொல்லும் குழந்தை வளர்ப்பு ஆலோசனைகளை நம்பலாமா?

ஒரு முறையின் பெயர் அங்கே கிடைக்கும். அதைச் செய்யும் விதம் பெரும்பாலும் கிடைக்காது.

கேட்டவர் வீட்டில் மூன்று, நான்கு வயதுக் குழந்தை இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். டிவியில் சொன்னதைச் செய்து பார்த்திருப்பீர்கள், அடம் குறையாமல் கூடியிருக்கும். தப்பு உங்கள் மேல் இல்லை.

அடிக்கடி சொல்லப்படும் டைம் அவுட்டையே பாருங்கள். "அடம் பிடித்தால் மூலையில் உட்கார வையுங்கள்" என்றதும் விளம்பரம் வந்துவிடும். விஷயமே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது உதவாது. அடிப்பது, கடிப்பது, சொன்னதை வேண்டுமென்றே மறுப்பது, இவற்றுக்கு மட்டும்தான். பசியிலும் தூக்கத்திலும் பயத்திலும் வரும் அழுகைக்கு இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே தடவை சொல்லிவிட்டு ஐந்து வினாடி பொறுங்கள். கேட்காவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, மறுபடி ஐந்து வினாடி. அதற்கும் அசையாவிட்டால் மூலையில் போட்ட நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நிமிடம் என்பது பொதுக்கணக்கு. கடைசிச் சில வினாடிகளாவது அமைதியாக இருந்த பிறகே எழுப்ப வேண்டும். கத்தும்போதே எழுப்பினால், கத்தினால் விடுவார்கள் என்று மனதில் பதிந்துவிடும். எழுந்ததும் அறிவுரை வேண்டாம். முதலில் சொன்ன வேலையையே மறுபடி சொல்லுங்கள், செய்ததும் பாராட்டுங்கள். அதை அப்படியே விட்டுவிட்டால், வேலையிலிருந்து தப்பிக்க நாற்காலி ஒரு வழியாகிவிடும்.

பல வீடுகளில் இது கெடுவது, நாற்காலியில் இருக்கும் குழந்தையோடு பெரியவர்கள் வாதாடிக்கொண்டே இருப்பதால். கவனிப்பைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதுதான் இந்த முறை; திட்டுவதும் குழந்தைக்குக் கவனிப்புதான். நாள் முழுக்கக் கவனிப்பே கிடைக்காத குழந்தையிடம் எதை நிறுத்துவீர்கள்? அதனால் தினமும் பத்து நிமிடமாவது போனைத் தள்ளி வைத்துவிட்டு, குழந்தை தேர்ந்தெடுத்த விளையாட்டை அதன் போக்கிலேயே விளையாட வேண்டும். டிவியில் இந்தப் பாதி வருவதே அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்வதில்லை. அடத்தைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்தால், முதலில் அது ஏறக்கூடும். நேற்றுவரை பலித்தது இன்று பலிக்கவில்லை என்றால் குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பத்து நிமிடம் தாங்கிவிட்டு பதினோராவது நிமிடத்தில் கேட்டதைக் கொடுத்தால், பதினோரு நிமிடம் கத்த வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். எப்போதாவது மட்டும் பலிக்கும் அடம், தினமும் பலிக்கும் அடத்தைவிட மெதுவாகத்தான் மறையும். ஐந்து நிமிடத் துண்டுப் பேச்சில் இதைச் சொல்ல நேரமில்லை என்றால், அந்த முறையையே சொல்லாமல் இருக்கலாம்.

டைம் அவுட்டே கொடுமை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருட்டறையில் பூட்டுவதையோ பயமுறுத்துவதையோ நான் சொல்லவில்லை. அது வேறு, அது தவறு.

அளவைச் சொல்லாமல் விடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அமெரிக்காவின் 'டாக்டர் ஆஸ் ஷோ', 'தி டாக்டர்ஸ்' இரண்டையும் ஆராய்ந்து 2014இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் நிகழ்ச்சியின் பரிந்துரைகளில் 46 சதவீதத்துக்கும் இரண்டாவதில் 63 சதவீதத்துக்கும்தான் ஆதாரம் இருந்தது. பலன் எவ்வளவு என்று சொன்னவை இரண்டிலுமே 17 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாதிப்பைச் சொன்னவை 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அவை மருத்துவ நிகழ்ச்சிகள், குழந்தை வளர்ப்பு நிகழ்ச்சிகள் அல்ல, தெரியும். ஆனால் மேடையும் நேரமும் அதே மாதிரிதான்.

மேற்கத்திய இசை மேதை மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்ற பேச்சும் இப்படி வந்ததுதான். 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். ஒரு வகைப் புதிர்த் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் கூடியது, அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. கைக்குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை.

தேதியையும் பாருங்கள். ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2000இல் சொன்னது. 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் வந்த லீப் என்ற ஆய்வு, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே கொடுத்தால் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய நிகழ்ச்சியின் துண்டு இன்றும் சுற்றுகிறது, தேதி இல்லாமல்.

டிவியால் நல்லதே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். தூக்கத்தில் திடீரென வரும் மரணத்தைத் தவிர்க்க, கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரச்சாரம் பிரிட்டனில் 1991இல் டிவி வழியாகத்தான் வீடுகளுக்குப் போனது. தன் கைக்குழந்தையை அப்படித் தூக்கத்தில் இழந்த தொகுப்பாளர் ஆன் டயமண்ட் அதற்கு முன்நின்றார். சில ஆண்டுகளில் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஒரே வாக்கியம், ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும், அளவோ படிகளோ இல்லை. அப்படிப்பட்ட ஆலோசனையை டிவியில் கேட்டுச் செய்யலாம். வயது, அளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற கேள்விகள் எழும் எதையும் குழந்தை மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்துகிறது. ஆலோசனை சொல்வதற்காகக் குழந்தையையே மேடையில் உட்கார வைத்து, அது அழுவதையும் படுக்கையை நனைப்பதையும் ஊருக்குச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பதினைந்து வயதில் வகுப்புத் தோழன் தேடினால் அந்த வீடியோ கிடைக்கும். உங்களை அழைத்தால் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், பெயரையும் சொல்லாதீர்கள்.