கராஜ் கேள்வி – பதில்: பைக்கைப் பாய்மரப் படகில் ஏற்றலாமா?

ஆர்ஜன்டினா நம்பர் தகடு போட்ட பைக் ஒன்று அண்மையில் ஹட்டன் டவுனில் சில நாள் நின்றது. அதன் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களில் ஒன்றில் பாய்மரப் படகின் மேல்தட்டில் நிற்கும் பைக். அதைப் படம் பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதவர்கள் குறைவு. எனவே இந்த மாதம் என்ஜின் ஒயில் கேள்விகள் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். பனாமாவிலிருந்து கொலம்பியாவுக்குப் பைக்குகளை ஏற்றிப்போகும் அந்தப் படகுக்கே வருகிறேன்.

வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டித்தானே கிடக்கின்றன? ரோட்டில் போகாமல் எதற்குப் படகு? (தலவாக்கலை வாசகர்)

ஒட்டித்தான் கிடக்கின்றன தம்பி, ரோட்டுதான் இல்லை. அலாஸ்காவில் தொடங்கி ஆர்ஜன்டினாவின் தென்கோடி வரை போகும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை சுமார் 30,000 கிலோமீற்றர். அது பனாமாவில் யாவிசா என்ற சின்ன ஊரின் ஆற்றங்கரையில் பட்டென்று முடிந்துபோகிறது. அங்கிருந்து கொலம்பியாவில் ரோட்டு மறுபடி தொடங்கும்வரை டாரியன் காடு, சுமார் 100 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வரும் தூரத்தைவிடக் குறைவு.

ரோட்டுப் போட யாரும் நினைக்கவில்லை என்றில்லை. பனாமாப் பக்கம் மலைக்காடு, கொலம்பியாப் பக்கம் அத்ராத்தோ ஆற்றின் சதுப்பு. 1970களில் வேலை தொடங்கப் பார்த்தபோது அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று மாடு! தென் அமெரிக்காவில் மாடுகளுக்கு இருந்த கோமாரி (கால், வாய்ப் புண் நோய்) ரோட்டோடு சேர்ந்து வடக்கே ஏறிவிடும் என்ற பயம். அது எம்பெரா, குனா மக்களின் பூர்வீக மண் என்பது இன்னொரு பக்கம். ஆயுதக் கும்பல்கள் வேறு.

1972இல் பிரிட்டிஷ் இராணுவத்தினர் ரேஞ்ச் ரோவர்களோடு நுழைந்து மூன்று மாதத்துக்கு மேல் பாடுபட்டுத்தான் வெளியே வந்தார்கள். 1986இல் எட் கல்பர்சன் என்ற அமெரிக்கர் பி.எம்.டபிள்யூ. பைக் ஒன்றை உள்ளூர் ஆட்களின் உதவியோடு இழுத்தும் தூக்கியும் ஓடத்தில் ஏற்றியும் கடத்திக் காட்டினார். 2023இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் காட்டை நடந்தே கடந்திருக்கிறார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். சுற்றுலாப் போகிறவன் ஹெல்மட்டில் கெமராவை மாட்டிக்கொண்டு அங்கே எட்டிப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

250 கிலோ பைக்கைப் படகில் எப்படி ஏற்றுகிறார்கள்? கிரேன் இருக்கிறதா? (பொகவந்தலாவை வாசகர்)

படகின் பாய்மரம்தான் கிரேன். பனாமாவின் கரீபியக் கரையில் குனா மக்கள் தாங்களே ஆளும் குனா யாலா என்ற பகுதி இருக்கிறது. அங்கே கார்த்தி என்ற இடத்து ஜெட்டிதான் பைக்காரர்கள் வழக்கமாக ஏறிய துறை. முதலில் பெட்டி, பை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிறகு தூக்குவதற்குப் பட்டி போடுவது. இதில்தான் தொழில் இருக்கிறது. ஹேண்டிலில் பட்டி போடக்கூடாது, திருகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். பின்னால் பிடித்து ஏறும் கைப்பிடியிலும் கூடாது, பாதிக்கு மேல் அவை பிளாஸ்டிக். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தட்டுக்கு அடியில் இரண்டு பட்டி, பின்னால் சீட்டுக்குக் கீழே சேசிஸில் இரண்டு பட்டி. நாலும் மேலே ஒரே கொக்கியில் சேரும். கயிறு கப்பி வழியாக, அதைச் சுற்றி இழுக்கும் விஞ்சுக்குப் போகும். ஒருவர் விஞ்சில் நிற்க, இரண்டு பேர் பைக் ஆடாமல் பக்கக் கயிற்றைப் பிடிக்க, சொந்தக்காரர் மட்டும் வேலையில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

மேலே வந்ததும் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்து, கியரில் போட்டு, ஓரக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார்கள். இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. லொறியில் கட்டுவதுபோல போர்க்கை அடிமட்டம் வரை அமுக்கிக் கட்டாதீர்கள். லொறிப் பயணம் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். படகில் நாலைந்து நாள் அமுங்கியே கிடந்தால் ஒயில் சீல் போய்விடும். பாதி அமுக்கினால் போதும்.

உண்மையில் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் வேடிக்கை. கராஜ் போடுவதற்கு முன்னால் நான் கப்பலில் பிட்டர். கொலம்பியாவின் கார்ட்டஹேனாவில் எங்கள் கொள்கலன் கப்பல் கட்டியிருந்தபோது, மேல்தட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்திருக்கிறேன். பாய்மரப் படகு கரைக்கு வராமல் குடாவிலேயே நங்கூரம் போட்டிருந்தது. பைக்கை மெதுவாக ஒரு ரப்பர் தோணிக்குள் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, தோணி ஜெட்டியை நோக்கி ஊர்ந்தது. சொந்தக்காரர் அந்த வெயிலில் ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல் பெற்றோல் டாங்கியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். ஜெட்டியில் விஞ்சும் இல்லை, கப்பியும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து கையாலேயே தூக்கினார்கள். அந்தக் கடலில் வற்றுப்பெருக்கு ஒன்றிரண்டு அடிக்குள்தான் என்பதால் தப்பித்தார்கள். ஜெட்டி தலைக்கு மேலே நின்றிருந்தால் கதை வேறு.

ஸ்டால்ரட்டே என்று 1903இல் கட்டிய ஒரு கப்பல் பல வருடம் இந்த வேலையைச் செய்து பைக்காரர்களிடையே பெரிய பெயர் எடுத்தது. மற்றவை சின்னப் படகுகள், வரும் போகும். 2014இல் கார் ஏற்றும் பெரி என்ற பெரிய பயணிகள் கப்பல் ஒன்றுகூட ஓடி, சில மாதத்தில் நின்றுபோனது. போன வருடம் ஓடிய படகு இந்த வருடமும் ஓடும் என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

றம்பொடை வளைவிலேயே வாந்தி எடுப்பேன். எனக்கு இது சரிவருமா அண்ணா? (பூண்டுலோயா வாசகி)

முதல் இரண்டு மூன்று நாள் குனா யாலாத் தீவுகளுக்கு நடுவேதான் தங்கச்சி, பவளப்பாறை அலையை உடைத்துவிடும். கடைசியில் திறந்த கடலில் 30 மணித்தியாலத்துக்கு மேல் வரும். அங்கேதான் ஆட்டம். உட்காதுக்குத் தெரியும் அசைவு கண்ணுக்குத் தெரியாமல் போவதால்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. ஆகவே அறைக்குள் படுக்காமல் படகின் நடுப்பகுதியில் காற்றோட்டமாக உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். மாத்திரையைப் புறப்படும் முன்பே போட வேண்டும், தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். டிசெம்பர் முதல் மார்ச் வரை அங்கே காற்று பலம், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்? நம் பாஸ்போர்ட்டில் போக முடியுமா? (பதுளை வாசகர்)

சாப்பாட்டோடு ஆளுக்கும் பைக்குக்கும் சேர்த்து 1,000 அமெரிக்க டொலருக்கு மேல் வரும். விமானத்தில் பனாமாவிலிருந்து பொகோட்டாவுக்கு அனுப்பினாலும் ஏறக்குறைய அதே காசுதான். பைக்கைக் கடத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் விமானம், கடலும் தீவும் பார்க்க வேண்டும் என்றால் படகு. காசு மிச்சம் பிடிக்க என்று யாராவது படகைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டும். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம். பனாமாவை விட்டுப் போகும்போது பைக் வெளியேறிவிட்டது என்று சுங்கத்தில் பதிய வேண்டும். கொலம்பியாவில் தற்காலிக இறக்குமதிக் கடதாசியும், சோவாட் என்ற கட்டாயக் காப்புறுதியும் கையில் வரும்வரை சாவியைத் திருப்பக்கூடாது.

அவ்வளவு தூரம் எதற்கு? தலைமன்னாரிலிருந்து பைக்கை ஒரு வள்ளத்தில் போட்டு இராமேஸ்வரம் போக முடியாதா? (மாத்தளை வாசகர்)

மாத்தளைக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது! நம் முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து வந்து சேர்ந்த ஊராயிற்றே. வள்ளத்தில் போட்டால் கடற்படை பிடிக்கும் ஐயா. இங்கே அனுமதி பெற்ற துறையில் முத்திரை குத்தாமல் வெளியேறுவது குற்றம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீற்றர். 1914இலிருந்து அங்கே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியதும் 80களில் யுத்தத்தோடு நின்றது. ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே ஜிப்ரால்டரில் மிகக் குறுகிய இடம் 14 கிலோமீற்றர். அங்கே ஸ்பெயினின் தரீபாவில் பைக்கோடு பெரியில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் மொரோக்கோ. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இஸ்தான்புல்லில் 1973இலிருந்து பாலமே இருக்கிறது. நமக்கு 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் வந்தது. அது ஆட்களுக்கு மட்டும், பைக்குக்கு இடமில்லை. கொழும்புத் துறைமுகத்தில் பெட்டிக்குள் அடைத்து அனுப்பலாம், கார்னே என்ற சுங்க உத்தரவாதப் புத்தகத்தோடு. அந்தச் செலவுக்கு மதுரையில் ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நாலு நாள் உப்புக்காற்று பைக்கை என்ன செய்துவிடும்? நீர்கொழும்பில் வருடக்கணக்காக ஓட்டுகிறார்களே? (மஸ்கெலியா வாசகர்)

நீர்கொழும்பு பைக்குகளின் சைலன்ஸரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா? படகில் வெறும் காற்று இல்லை, அலையே தெறிக்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துடைத்துக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் மூன்று மாதம் கழித்து, வயர்கள் இணையும் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கும். ஏற்றும் முன் கப்ளர்களைக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள். பற்றரியைக் கழற்றிவிடுங்கள். செயினுக்கும் போல்ட்டுகளுக்கும் ஒயில் ஸ்பிரே அடியுங்கள், ஆனால் பிரேக் டிஸ்க் பக்கம் ஒரு துளியும் போகக்கூடாது. டிஸ்க் துருப்பிடித்தால் பிடிக்கட்டும், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். மேலே தார்ப்பாய். கரை இறங்கியதும் ஹோட்டலைத் தேடாமல் முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் கன் வேண்டாம், அது உப்பை பேரிங்குக்குள் தள்ளிவிடும். குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு அடிப்பக்கத்திலிருந்து மேலே வாருங்கள்.