கவுன்சிலிங் செய்யப் போற பிள்ளைக்கு ஸ்டாட்ஸ் என்னத்துக்கு?

கேள்வி: கொழும்பிலை சைக்காலஜி டிகிரி ரெண்டாம் வருஷம் படிக்கிறன். ஊருக்கு வந்து எங்கட சனத்துக்கு கவுன்சிலிங் செய்யவேணும் எண்டுதான் இதை எடுத்தனான், ஆனா ரிசேர்ச் மெதட்ஸ் (ஆய்வு முறை), ஸ்டாட்ஸ் (புள்ளிவிபரம்) எண்டு கட்டாயப் பாடமா வந்து உயிரை வாங்குது. ஆக்களோட கதைக்கிறதுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?
– வாசகி, தர்மபுரம்

பதில்: தங்கச்சி, உங்கட கோவம் விளங்குது. எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர மென்பொருளிலை எந்தப் பட்டனை அமத்துறது, பீ வால்யூ (உண்மையிலை வித்தியாசமே இல்லாட்டியும் இப்பிடி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு எண்டு காட்டுற எண்) 0.05க்குக் கீழ வந்தா என்ன எழுதுறது எண்டு பாடமாக்கி சோதனை எழுதினா ஆருக்கும் வெறுத்துத்தான் போகும். படிப்பிக்கிற விதம் கன இடத்திலை பிழை. ஆனா பாடம் வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, கவுன்சிலிங் செய்யப் போற ஆளுக்குத்தான் அது கூடத் தேவை.

ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. விசுவமடுப் பக்கம் ஒரு ஊரிலை கார்த்திகை மாசம் 30 அம்மாமாரிட்டை மனச்சோர்வுக் கேள்விக்கொத்து நிரப்புறியள். அப்ப காலபோகம் விதைச்ச கடன் தலைக்கு மேல, நகை அடகிலை, மழை பெஞ்சு வளவெல்லாம் தண்ணி. பிறகு கிழமைக்கொருக்கா குழுவா இருத்திக் கதைக்கிறியள், பங்குனியிலை திருப்பி அதே கொத்தைக் குடுத்தா புள்ளி நல்லாக் குறைஞ்சிருக்கு, உங்களுக்கும் சந்தோசம் காசு தந்த நிறுவனத்துக்கும் சந்தோசம். ஆனா அதுக்கிடையிலை வெள்ளாமை வெட்டி, நெல்லு வித்து, நகையும் மீட்டாச்சு. மனசைத் தேத்தினது உங்கட கதையோ நெல்லுக் காசோ? கவுன்சிலிங் இன்னும் தொடங்காத பக்கத்து ஊர் அம்மாமாரையும் அதே ரெண்டு தரம் கேட்டிருந்தாத்தான் ஏதாவது சொல்லலாம். கொன்ட்ரோல் குரூப் எண்டு நோட்டிலை எழுதி வைச்சிருக்கிறியளே, அது இதுதான். அதோட, ஆகக் கலங்கிப்போன ஆக்களாப் பாத்து எடுத்தா ஒண்டும் செய்யாட்டியும் அடுத்தமுறை கொஞ்சம் நல்லாத்தான் காட்டும், ஏனெண்டா ஆக மோசமான நேரத்திலை அளந்தா பிறகு தானாவே கொஞ்சம் இறங்கும்.

சரி, ஆரைக் கேட்டனியள்? காலமை பத்து மணிக்கு வீடு வீடாப் போனா கூலிக்குப் போனவை, கடலுக்குப் போனவை, கார்மென்ட்ஸுக்குப் போன பெட்டையள் ஒருத்தரும் இருக்க மாட்டினம். இருக்கிற ஆக்களும் யுத்தம் முடிய சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமிலையிருந்து போர்ம் நிரப்பி நிரப்பியே களைச்ச சனம், கஷ்டத்தைக் கூடச் சொன்னா வீட்டுத்திட்டம் வரும் எண்டு ஒரு அம்மா நினைச்சா அது அவவின்ர பிழையில்லை, கேட்டவரின்ர பிழை.

நல்ல மனசோட செய்யிறதும் கெடுதியா முடியலாம் எண்டதை நீங்கள் கட்டாயம் அறியவேணும். பயங்கரமான ஒண்டு நடந்த கையோட ஆக்களை இருத்தி எல்லாத்தையும் விபரமாச் சொல்லப்பண்ணுற டிபிரீஃபிங் ஒரு காலத்திலை கன நாட்டிலை செய்தவை. இங்கிலாந்திலை ரோட்டு விபத்திலை காயப்பட்டவையை குலுக்கல் மாதிரிப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு மட்டும் அதைச் செய்து, மூண்டு வருஷம் கழிச்சுப் பாத்து மேயூ, ஏலர்ஸ், ஹொப்ஸ் எண்ட மூண்டு பேர் 2000இலை எழுதினவை: தொடக்கத்திலை ஆகக் கலங்கியிருந்தவையிலை டிபிரீஃபிங் கிடைச்சவைதான் கிடைக்காதவையை விட மோசமா இருந்தவை. முன்னால இருந்து கதைச்ச கவுன்சிலருக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனெண்டா அதே ஆள் கவுன்சிலிங் இல்லாமல் எப்பிடி இருந்திருப்பார் எண்டு ஒருத்தராலும் பாக்கேலாது. 2007இலை ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து விட்ட அவசரகால உளசமூக வழிகாட்டி, யுத்தம் அனர்த்தம் நடந்த உடனை சனத்துக்கு ஒரே தரம் டிபிரீஃபிங் செய்யிற வேலை வேண்டாம் எண்டே சொல்லுது.

எண் மட்டும்தான் மெதட்ஸ் எண்டும் நினைக்காதேங்கோ. 2009இலை யாழ் மாவட்டத்திலை எடுத்து 2011இலை ஜாமா எண்ட அமெரிக்க மருத்துவ இதழிலை வந்த ஆய்வு பீடிஎஸ்டி (பயங்கரமான ஒண்டைக் கண்டதாலை வாற மனப்பாதிப்பு) 7 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம் எண்டு சொல்லுது. அதை அப்பிடியே தூக்கி வன்னிக்கு வைக்கேலாது, கேட்டது யாழ்ப்பாணத்து ஆக்களை. எங்கட வன்னிச் சனத்தைப் பற்றி மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இலை எழுதின கட்டுரை பண்புசார் ஆய்வு, ஆக்கள் சொன்னதைக் கேட்டு, ஒரு சமூகமாவே என்ன குலைஞ்சுது எண்டு பாத்தது. ரெண்டையும் தேடி வாசியுங்கோ, எதை எதாலை சொல்லலாம் எதைச் சொல்லேலாது எண்டு வரி வரியாக் கேட்டுக்கொண்டு.

கேள்வி: மகள் சைக்காலஜி கடைசி வருஷம். ஆய்வுக்கு டேட்டா எடுத்து, பகுப்பாய்வும் செய்து தர காசுக்கு ஆக்கள் இருக்கினமாம். குடுக்கலாமோ?
– ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: குடுக்காதேங்கோ ஐயா. டிகிரிக்குப் பிரித்தானிய உளவியல் சங்கத்தின்ர அங்கீகாரம் வேணுமெண்டா சொந்தமாச் செய்த ஆய்விலை பாஸ் பண்ணத்தான் வேணும், பிடிபட்டா டிகிரியே போகலாம். அதை விட, நாளைக்கு அவவை நம்பி ஆக்கள் வரப்போயினம். மகள் எந்த இடத்திலை மாட்டிக்கொண்டு நிக்கிறா எண்டு கேளுங்கோ. கனபேருக்கு ஆய்வுக் கேள்வி அளவுக்கு மிஞ்சிப் பெரிசா இருக்கிறதுதான் பிரச்சினை. அதைச் சின்னனாக்கித் தரச்சொல்லி சூப்பர்வைசரிட்டை இந்தக் கிழமையே போகச் சொல்லுங்கோ.