பழைய ஜூம் லென்ஸும் மங்கிய படங்களும்

கேள்வி: தந்தை வைத்திருந்த 80–200 மி.மீ. ஜூம் லென்ஸை அடாப்டர் மூலம் மிரர்லெஸ் கேமராவில் பொருத்தி, இயற்கை நடைக்கு எடுத்துச் சென்றேன். பறவைப் படங்கள் மங்கலாகவும் வெளிறியும் வந்தன. லென்ஸ் பழுதாகிவிட்டதா?

பதில்: அவசரப்பட்டு அதை ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் ஒரு டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் பிடித்து, மறுமுனை வழியாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்; சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கண்ணாடி தெளிவாக இருந்தால், மங்கலுக்குப் பெரும்பாலும் கை நடுக்கமே காரணம். உங்கள் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) ஏபிஎஸ்-சி அளவுடையது, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தை விடச் சிறியது என்றால், 200 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 300 மி.மீ. லென்ஸின் காட்சிக் கோணத்தையே தரும்; கை நடுக்கமும் அதற்கேற்பப் பெரிதாகத் தெரியும் என்பதால், ஷட்டர் வேகம் குறைந்தது 1/320 நொடியாவது இருக்கட்டும். சிறகடிக்கும் பறவைக்கு அதுவும் போதாது. கேமராவிலேயே நடுக்கக் குறைப்பு வசதி இருந்தால், குவியத் தூரத்தை (லென்ஸில் மி.மீ. அளவில் குறித்திருக்கும் எண்) நீங்களே மெனுவில் பதிய வேண்டியிருக்கும், ஏனெனில் மின் தொடர்பில்லாத பழைய லென்ஸ் அதைக் கேமராவுக்குச் சொல்லாது. லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை எஃப்/8 அளவுக்குக் குறைத்து, திரையில் காட்சியைப் பெரிதாக்கி, பறவையின் கண்ணில் ஒளிரும் அந்தச் சிறு புள்ளி கூர்மையாகும் வரை ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.

வெளிறலுக்குக் காரணம், பக்கவாட்டு வெயில் லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்துச் சிதறுவதுதான்; பழைய பூச்சுகளால் அதை அவ்வளவாகத் தடுக்க முடியாது. லென்ஸ் ஹூட் (முன்புறம் மாட்டும் வெயில் மறைப்பு) ஒன்றை மாட்டினாலே பெரும் மாற்றம் தெரியும். எனினும், காலை வெயிலை எதிர்நோக்கி நின்று இலைகளை எடுக்கும்போது ஹூட்டைக் கழற்றிவிடுங்கள். அந்த மென்மையான ஒளிப்படலம் எனக்கு மிகவும் பிடித்தமானது.