எந்த சர்வருக்கு அனுப்புவது? லோட் பேலன்சர் கேள்வி பதில்

லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), வான் ஆப்டிமைசர் (கிளை அலுவலகங்களை இணைக்கும் லைனில் ஓடும் தரவைக் குறைக்கும் பெட்டி) பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. பதினைந்து வருடமாக இந்தப் பெட்டிகளோடுதான் என் பிழைப்பு, அதனால் கைப்பட்டுத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பாதிப் பேர் அல்காரிதம், அதாவது எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற விதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஹெல்த் செக், அதாவது சர்வர் நலமா என்று பெட்டி அடிக்கடி பார்க்கும் சோதனை பற்றிக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை ஹெல்த் செக்கால் வந்தவை.

கேள்வி (மதுரை, சிஸ்டம் அட்மின்): ஹெச்ஏப்ராக்ஸிக்கு (லோட் பேலன்சர் மென்பொருள்) பின்னால் எட்டு வெப் சர்வர் இருக்கின்றன. ரவுண்ட் ராபினா, லீஸ்ட் கனெக்ஷனா, எதை வைக்கலாம் அண்ணா?

கோரிக்கைகள் எல்லாம் சின்னதாக, ஏறக்குறைய ஒரே நேரம் பிடிப்பவையாக இருந்தால் ரவுண்ட் ராபின், அதாவது சர்வர்களுக்கு முறை வைத்து ஒவ்வொன்றாக அனுப்புவது போதும். கனெக்ஷன் நெடுநேரம் திறந்தே கிடக்கும் இடங்களுக்கு, அதாவது டேட்டாபேஸ், எல்டாப், வெப்சாக்கெட் மாதிரி வேலைகளுக்கு, லீஸ்ட் கனெக்ஷன், அதாவது அப்போது கனெக்ஷன் குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்புவது. சர்வர்களின் பலம் ஒன்றுபோல் இல்லை என்றால் வெயிட் கொடுங்கள், பலமானதற்கு அதிகப் பங்கு போகும்.

லீஸ்ட் கனெக்ஷன் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதே மாதிரி எட்டு சர்வர். ஒரு நாள் அதில் ஒன்றின் டிஸ்க் நிறைந்துவிட்டது. லாக் எழுத முடியாததால் வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் 3 மில்லி விநாடியில் 500 எரர் கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல சர்வர்கள் ஒரு கோரிக்கைக்கு 200 மில்லி விநாடி எடுத்தன. இப்போது கணக்குப் போடுங்கள். நல்ல சர்வரில் ஒரு கனெக்ஷன் விநாடிக்கு 5 கோரிக்கையை முடிக்கும், கெட்டுப்போனதில் 333. லோட் பேலன்சர் எட்டு சர்வரிலும் கனெக்ஷன் எண்ணிக்கையைச் சமமாக வைக்கப் பார்க்கிறது. அப்போது நல்ல சர்வர் ஏழும் சேர்ந்து 35, கெட்டது ஒன்றே 333. எட்டில் ஒரு சர்வர்தான் பழுது, ஆனால் பத்தில் ஒன்பது பயனருக்கு எரர். ஹெல்த் செக் என்ன செய்தது என்று கேட்டால், 443 போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. போர்ட் திறந்துதான் இருந்தது.

ஹெச்ஏப்ராக்ஸியில் சர்வர் வரியில் வெறும் 'செக்' என்று போட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை டிசிபி கனெக்ஷன் கிடைக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஹெச்டிடிபி செக், அதாவது ஒரு பக்கத்தைக் கேட்டுப் பதிலைப் பார்க்கும் செக், தனியாக வைக்க வேண்டும். போய் உங்கள் ஹெல்த் செக்கைத் திறந்து பாருங்கள். அப்புறம் 'ஸ்லோஸ்டார்ட்' போடுங்கள், மீண்ட சர்வருக்குக் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்பும். மீண்டு வரும் சர்வரில் கனெக்ஷன் பூஜ்யமாக இருப்பதால் புதுக் கூட்டம் மொத்தமும் அதன் தலையில்தான் விழும்.

கேள்வி (சென்னை): பிக்-ஐபியில் (எஃப்5 நிறுவனத்தின் லோட் பேலன்சர்) மானிட்டர் இன்டர்வல் (எத்தனை விநாடிக்கு ஒருமுறை சோதிப்பது) 5, டைம்அவுட் (எத்தனை விநாடி பதில் இல்லாவிட்டால் டவுன்) 5 என்று வைத்திருக்கிறேன். சர்வர் அடிக்கடி டவுன் காட்டித் திரும்ப அப் ஆகிறது.

ஒரே ஒரு பதில் தாமதமானாலும் டவுன் ஆகும்படி நீங்களே வைத்திருக்கிறீர்கள். இன்டர்வலை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள், 16 வரும். எஃப்5 தரும் இயல்பு மதிப்பும் அதுதான்.

கேள்வி (கோவை): சோர்ஸ் ஐபி (அனுப்புபவரின் முகவரி) வைத்து ஸ்டிக்கி செய்தோம், அதாவது ஒருவர் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும்படி. நான்கு சர்வரில் ஒன்றுக்கே முக்கால்வாசிக் கூட்டமும் போகிறது. என்ஜின்எக்ஸ்.

ஐபி ஹேஷ் போட்டிருப்பீர்கள். என்ஜின்எக்ஸில் அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று ஆக்டெட்டை (புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களில் ஒவ்வொன்றும் ஓர் ஆக்டெட்) மட்டும்தான் பார்க்கும். அலுவலகத்துக்குள்ளே ஒரே சப்நெட்டில் இருக்கும் 250 பேரும் அதற்கு ஒரே ஆள். வெளியிலிருந்து வருபவர்களிடமும் இதே சிக்கல் உண்டு. மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. அதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 என்ற வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஐபியை ஆளுக்கு அடையாளமாகக் கொள்ளும் காலம் போய்விட்டது.

குக்கி வைத்து ஸ்டிக்கி செய்யுங்கள். அதைவிட நல்லது, செஷனை (பயனரின் லாகின், ஷாப்பிங் கார்ட் போன்ற விவரம்) ரெடிஸில் (எல்லா சர்வரும் பகிரும் தரவுக் கிடங்கு) வைத்துவிட்டு ஸ்டிக்கியே வேண்டாம் என்று விடுவது. ஸ்டிக்கி இருக்கும்வரை ஒரு சர்வர் போனால் அதில் இருந்தவர்களின் கார்ட்டும் போகும்.

கேள்வி (திருச்சி): சார், ரவுண்ட் ராபின் நல்லதா லீஸ்ட் கனெக்ஷன் நல்லதா?

முதல் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (பெங்களூரு, நெட்வொர்க் இன்ஜினியர்): டேட்டா சென்டரில் சிஸ்கோ வாஸ் (வான் ஆப்டிமைசர்) பெட்டி இரண்டு. ரௌட்டரில் டபிள்யூசிசிபி (டிராஃபிக்கைப் பெட்டிக்குத் திருப்பும் நெறிமுறை) வைத்து டிராஃபிக்கைத் திருப்புகிறோம். கிளைகள் நாற்பது. இருந்தும் ஒரு பெட்டி முழி பிதுங்குகிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது. மாஸ்க், மூன்றாம் ஆக்டெட்டின் கடைசி 4 பிட். கிளை முகவரிகள் 10.11.1.0, 10.12.1.0, 10.13.1.0 என்று போகும்.

நல்ல கேள்வி, முகவரியையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. விடை அந்த முகவரியிலேயே இருக்கிறது.

மாஸ்க் முறையில் ரௌட்டர் முகவரி முழுவதையும் பார்ப்பதில்லை. நீங்கள் காட்டிய பிட்களை மட்டும் பிடுங்கி, அந்த மதிப்புக்கு எந்தப் பெட்டி என்று அட்டவணையில் பார்க்கும். 4 பிட் என்றால் 16 அறைகள், பெட்டிக்கு எட்டு. இப்போது உங்கள் கிளைகளை வரிசையாக எழுதுங்கள். 10.11.1, 10.12.1, 10.13.1. மூன்றாம் ஆக்டெட் எல்லாவற்றிலும் 1. நாற்பது கிளையும் ஒரே அறையில் விழுகின்றன, மீதிப் பதினைந்து அறையும் காலி. கிளை எண் இரண்டாம் ஆக்டெட்டில் இருக்கிறது. மாஸ்கை அங்கே நகர்த்துங்கள்: இரண்டாம் ஆக்டெட்டின் கடைசி 4 பிட். 11, 12, 13 தனித்தனி அறைகளுக்குப் போய்விடும்.

கடைசி ஆக்டெட்டை வைத்தால் இன்னும் சீராகப் பிரியுமே என்று தோன்றும். பிரியும்தான், ஆனால் செய்யாதீர்கள். வான் ஆப்டிமைசரின் லாபமே ஒருமுறை போன தரவை நினைவில் வைத்து, அடுத்த முறை முழுதாக அனுப்பாமல் குறிப்பை மட்டும் அனுப்புவதில் இருக்கிறது. காலையில் ஒரு கிளையில் ஒருவர் 20 எம்பி கோப்பைத் திறந்தார் என்று வையுங்கள். பக்கத்து மேஜைக்காரர் அதையே திறக்கும்போது அவருடைய டிராஃபிக் இன்னொரு பெட்டிக்குப் போனால், அந்தப் பெட்டிக்கு இது புதுக் கோப்பு, 20 எம்பியும் மறுபடி லைனில் ஓடும். ஒரு கிளையின் ஆட்கள் எல்லாரும் ஒரே பெட்டிக்குப் போக வேண்டும். வெப் சர்வருக்குச் சமமாகப் பிரிப்பது நல்லது, இங்கே கிளையை உடைக்காமல் பிரிப்பதுதான் நல்லது.

டபிள்யூசிசிபியின் சர்வீஸ் 61, 62 இரண்டும் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று சோர்ஸ் முகவரியைப் பார்க்கும், மற்றது டெஸ்டினேஷனை. போகிற பாதையிலும் திரும்புகிற பாதையிலும் கிளையின் முகவரியே அறையைத் தீர்மானிக்க வேண்டும். மாறிப்போனால் போவது ஒரு பெட்டி வழியாக, வருவது இன்னொன்று வழியாக என்று ஆகிவிடும்.

மாற்றத்தை வேலை நேரத்தில் செய்யாதீர்கள், ஓடும் கனெக்ஷன்கள் அறுபடும். இன்னொன்று: இன்று முழி பிதுங்குகிற அந்தப் பெட்டி செத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பெட்டி 10 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பை ரௌட்டருக்குச் சொல்லும், சுமார் அரை நிமிடம் சத்தமில்லை என்றால் ரௌட்டர் அதை நீக்கிவிடும். இதுவும் ஒரு ஹெல்த் செக்தான். பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, வேலை செய்கிறதா என்று பார்க்காது.

கேள்வி (ஓசூர்): வீட்டில் இரண்டு பிராட்பேண்ட் இருக்கிறது. சேர்த்து வேகம் கூட்ட எந்த ரௌட்டர் வாங்கலாம்?

வீட்டு ரௌட்டர்கள் என் துறை இல்லை, அதில் பழக்கமுள்ளவரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஹைதராபாத்): லினக்ஸ் ப்ராக்ஸி (இடையில் நின்று கோரிக்கையை வாங்கி சர்வருக்கு அனுப்புவது). விநாடிக்கு சில நூறு கோரிக்கை தாண்டினாலே பின்னால் இருக்கும் சர்வருக்குப் புது கனெக்ஷன் போகவில்லை. சிபியூ 10 சதவீதம்தான்.

போர்ட் தீர்ந்துவிட்டது. லினக்ஸ் இயல்பாக வெளியே போகும் கனெக்ஷனுக்கு 32768 முதல் 60999 வரைதான் எடுக்கும், 28,232 போர்ட். மூடிய கனெக்ஷன் டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் 60 விநாடி நிற்கும், அதுவரை அந்த போர்ட் கிடைக்காது. வகுத்தால் ஒரே சர்வர், ஒரே போர்ட்டுக்கு விநாடிக்குச் சுமார் 470. முதலில் மூடுகிற பக்கத்தில்தான் இது சேரும், உங்களிடம் ப்ராக்ஸி மூடுகிறது. பின்பக்கம் கீப்-அலைவ் (கனெக்ஷனை மூடாமல் வைத்திருப்பது) வைத்துக் கனெக்ஷனைத் திரும்பப் பயன்படுத்துங்கள், பாதி நோய் தீரும். போதாவிட்டால் ப்ராக்ஸிக்கு இன்னும் இரண்டு சோர்ஸ் ஐபி கொடுங்கள்.

கேள்வி (சென்னை, டெவலப்பர்): நீங்கள் ஹெல்த் செக், ஹெல்த் செக் என்கிறீர்கள். எங்கள் ஹெல்த் பக்கம் டேட்டாபேஸில் ஒரு க்வெரி ஓட்டிப் பார்த்துத்தான் 200 (நலம்) சொல்லும். சரிதானே?

வேண்டாம். எல்லா சர்வரும் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கின்றன. அது ஐந்து விநாடி திணறினால் அத்தனை சர்வரும் ஒன்றாக ஃபெயில் ஆகும், லோட் பேலன்சர் எல்லாவற்றையும் எடுத்துவிடும், எல்லாருக்கும் 503 (சேவை இல்லை) எரர். டேட்டாபேஸே தொடாத முகப்புப் பக்கம்கூடத் திறக்காது.

மறுப்பு (டேட்டாபேஸ் அட்மின், சென்னை): டேட்டாபேஸ் தொடர்பே இல்லாத சர்வருக்கு ஆளை அனுப்பி என்ன பயன் சார்? எரர் பக்கத்தை யார் காட்டினால் என்ன?

பயன் இருக்கிறது. உங்கள் அப்ளிகேஷன் கேஷிலிருந்து பாதியைக் காட்டலாம், "சற்று நேரத்தில் முயலுங்கள்" என்று தமிழில் சொல்லலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. டேட்டாபேஸ் மீண்டதும் எல்லா சர்வரும் ஒரே நொடியில் பச்சை ஆகாது. முதலில் பச்சை ஆகும் ஒன்றின் மேல் மொத்தக் கூட்டமும் விழுந்து அது மறுபடி சாயும். இப்படி மாறிமாறி விழுந்து எழுந்து முக்கால் மணி நேரம் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மறுப்பு (முதல் கேள்வி கேட்ட மதுரைக்காரர்): எங்களிடம் ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் ஃபயர்வால் விதி தவறிப்போய் டேட்டாபேஸ் தொடர்பு அறுந்தது. மேலோட்டமான செக் நாள் முழுக்கப் பச்சை காட்டியது. உங்கள் டிஸ்க் கதையும் அதுதானே அண்ணா?

சரி, இது நியாயமான அடி. ஒரு சர்வருக்கு மட்டும் வந்த நோயை மேலோட்டமான செக் பிடிக்காது. என் டிஸ்க் கதையும் அதே ஜாதிதான். நான் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தது தப்பு.

இரண்டு நோயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சர்வர் மட்டும் கெட்டால் எடுக்கலாம். எல்லாம் சேர்ந்து கெட்டால் எடுப்பதில் அர்த்தமில்லை, நோய் வேறெங்கோ இருக்கிறது. என்வாய் என்ற லோட் பேலன்சர் மென்பொருள் இதை நன்றாகவே செய்கிறது. நல்லவை என்று எண்ணப்படுபவை 50 சதவீதத்துக்குக் கீழே போனால் செக்கை நம்பாமல் எல்லா சர்வருக்கும் அனுப்பத் தொடங்கும், அந்த 50 தான் அதன் இயல்பு மதிப்பு. அமேசானின் லோட் பேலன்சரிலும் டார்கெட் குழு (பின்னால் இருக்கும் சர்வர்கள்) முழுதும் சிவப்பானால் எல்லாவற்றுக்கும் அனுப்பும். ஹெச்ஏப்ராக்ஸியில் 'அப்சர்வ் லேயர்7' போட்டால் உண்மையான பயனருக்குப் போகும் பதில்களையே கவனித்து, தொடர்ந்து எரர் கொடுப்பதை இறக்கும். என் டிஸ்க் சர்வரை அது சில நொடியில் பிடித்திருக்கும். ஆனால் ஹெச்ஏப்ராக்ஸியில் இந்த 50 சதவீதக் காவல் இயல்பாக இல்லை, எல்லாம் கெட்டால் எல்லாவற்றையும் இறக்கிவிடும். அதை நீங்கள்தான் விதி எழுதிக் காக்க வேண்டும்.

மறுப்பு (டேட்டாபேஸ் அட்மின்): அப்படியென்றால் க்வெரி ஓட்டலாம் என்கிறீர்கள்?

50 சதவீதக் காவல் உள்ள பெட்டியில் ஓட்டலாம். இல்லாத பெட்டியில் கூடாது. ஓட்டினாலும் எட்டு சர்வரும் 2 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் க்வெரி டேட்டாபேஸுக்குப் பாரம், முடிவைப் பத்து விநாடி நினைவில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம்): எந்த அல்காரிதம் வேகம்?

மூன்றாவது முறை. முதல் கேள்வி.

கேள்வி (கொழும்பு): எல்விஎஸ் (லினக்ஸின் லோட் பேலன்சர்), டிஎஸ்ஆர் முறை (பதிலை சர்வரே நேராகப் பயனருக்கு அனுப்புவது). சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் எல்லாரும் ஒரே சர்வருக்குப் போகிறார்கள்.

சர்வர்களும் விஐபிக்கு (பயனர்கள் வந்து சேரும் பொது ஐபி) ஏஆர்பி ('இந்த ஐபி யாரிடம்?' என்ற கேள்வி) பதில் சொல்கின்றன, யார் முந்துகிறாரோ அவருக்குக் கூட்டம். சர்வர்களில் விஐபியை லூப்பேக்கில் (சர்வருக்குள் மட்டுமே இருக்கும் இன்டர்ஃபேஸ்) வையுங்கள், ஏஆர்பி இக்னோர் 1, ஏஆர்பி அனவுன்ஸ் 2. பிறகு ரௌட்டரின் ஏஆர்பி அட்டவணையைத் துடையுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பேட்ச் போட ஒரு சர்வரை பிக்-ஐபியில் 'டிஸேபிள்' செய்தேன். அரை மணி நேரம் ஆகியும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

டிஸேபிள் செய்தாலும் ஏற்கெனவே அந்த சர்வரோடு ஒட்டியவர்கள் ஸ்டிக்கி காலம் முடியும்வரை வருவார்கள். 'ஃபோர்ஸ்ட் ஆஃப்லைன்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் கனெக்ஷன் மட்டும் முடியும், புதிதாக யாரும் வரமாட்டார்கள். முதலில் டிஸேபிள் போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், எண்ணிக்கை நன்றாக இறங்கியதும் ஃபோர்ஸ்ட் ஆஃப்லைன். கனெக்ஷன் பூஜ்யம் ஆன பிறகு பேட்ச் போடுங்கள்.