முதியோர் வகுப்பும் பொருந்தாததை நீக்கும் கேள்வியும்

வணக்கம். கிளிநொச்சியில் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தும் நீங்கள், கோடாலி, மரம் அரியும் வாள், சுத்தியல், மரக்கட்டை ஆகிய நான்கில் பொருந்தாததைக் கேட்டபோது, ஓர் அம்மா "கட்டை இல்லாட்டிக் கோடாலி என்னத்துக்கு?" என்று எதையும் விலக்க மறுத்ததாகவும், இது சிந்தனைக் குறைபாடா என்றும் எழுதியிருந்தீர்கள். குறைபாடு அல்ல.

இதே நான்கு பொருள்களை 1931-32இல் உஸ்பெகிஸ்தான் கமக்காரரிடம் காட்டிய ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவுக்கும் இத்தகைய விடைதான் கிடைத்தது. பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, அங்குள்ள ஓரிடத்தின் கரடி என்ன நிறம் என்றபோது, காணாததை எப்படிச் சொல்வது என்றார்கள் பலர்; சிறிது காலம் பள்ளி சென்றவர்களோ தயங்காமல் விடை சொன்னார்கள். லூரியா இந்த வேறுபாட்டைச் சிந்தனை வளர்ச்சியின் படிகளாகக் கண்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னாளில் லைபீரியாவில் ஆராய்ந்த சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும், எழுத்தறிவு மட்டும் இம்மாற்றத்தைத் தருவதில்லை, பள்ளிப் பழக்கமே தருகிறது என்று காட்டினார்கள்.

உங்கள் மாணவர்களையே இரணைமடுக் குளத்தின் சிறுபோக (கோடைகால நெற்செய்கை) கூட்டத்தில் பாருங்கள். குளத்தில் இத்தனை அடி நீர் நின்றால் எத்தனை ஏக்கர், ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு, கடைசி வாய்க்காலுக்கு நீர் எட்டாவிட்டால் யாருடைய காணியில் விதைப்பது என்று, இன்னும் நடக்காததை அடுக்கடுக்காக வைத்து வாதிடுவார்கள். (பட்டதாரிகள் பலர் அங்கே வாய் திறப்பதில்லை.)

ஆகவே புதிர்களைக் கைவிட வேண்டாம். "சொன்னதை மட்டும் உண்மையென வைத்துக்கொள்வோம்" என்ற விதியை முதலில் விளக்குங்கள். விடையை விடக் காரணத்தைக் கேளுங்கள். அந்த அம்மாவின் விடையையும் கரும்பலகையில் எழுதுங்கள்.