ஈரல் மாத்தின அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர் அக்கா, நாங்க பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைங்க. அம்மாவுக்கு நான்தான் என் ஈரல்ல ஒரு பங்கு குடுத்தேன், ஆறு வருசமாச்சு, நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எதிர்ப்பு சக்தியை அடக்கறதுக்குக் குடுத்த டாக்ரோலிமஸ் மாத்திரை போட்டுப் போட்டு கை நடுங்குது, சுகர் வந்துடுச்சு, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினினும் ஏறுதுங்க. சில பேருக்கு மாத்திரையே தேவைப்படாதாமே? சொந்தக்காரர் ஒருத்தர் எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் கஷாயம் வேற குடுத்திருக்காரு, குடுக்கலாமுங்களா?

பதில்: தங்கச்சி, அந்தக் கஷாயம் ஒரு வாய்கூட வேண்டாம். அம்மாவோட எதிர்ப்பு சக்தி உங்க ஈரலை அடிக்கக் கூடாதுன்னுதானே மாத்திரையே குடுக்கறோம், அதை போய் தூண்டி விடலாமா? மாத்தாத, நல்லா இருந்த ஈரலே சீந்தில் குடிச்சு கெட்டுப்போனவங்க நம்ம நாட்டுலயே இருக்காங்க.

மாத்திரை நிறுத்தறது பத்தி நீங்க கேள்விப்பட்டது நிஜம்தான். குடல்ல இருந்து வர்ற ரத்தம் சாப்பாட்டுச் சத்து, கிருமித் துணுக்குன்னு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ஈரலுக்குள்ள தானே போகுது, அதனால வந்ததுக்கெல்லாம் சண்டை போடாம இருக்க ஈரல் பழகிடுச்சு, மாத்தி வெச்ச பிறகும் அந்தக் குணம் ஓரளவு இருக்கு. 2013ல வந்த ஐரோப்பிய ஆய்வுல, மாத்தி மூணு வருசமாவது தாண்டின பெரியவங்க 98 பேருக்கு மெதுவா மருந்தைக் குறைச்சதுல 41 பேர் முழுசா நிறுத்திட்டாங்க, அதுலயும் வருசம் கூடக்கூட வாய்ப்பும் கூடுச்சு. மீதி 57 பேருக்கு ஈரல் நிராகரிப்பு, அதாவது வெச்ச ஈரலை உடம்பு ஏத்துக்காம தாக்குறது, வந்துச்சு, ஆனா டாக்டருங்க கண்ணு முன்னாடியே நடந்ததால மருந்து குடுத்துக் காப்பாத்திட்டாங்க.

வீட்டுல தானா நிறுத்தினா அந்தக் காவல் இருக்காதே, அதான் எனக்குப் பயம். நிராகரிப்பு ஆரம்பிச்சா காய்ச்சலோ வலியோ வரணும்னு இல்ல, பசிச்சு சாப்பிட்டு நடமாடிட்டு இருப்பாங்க, எல்எஃப்டிங்கற ஈரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுல மட்டும், ஈரல் அடிபட்டா கூடுற எஸ்ஜிபிடி அளவு ஏறியிருக்கும்.

ஜப்பான்ல ஹொக்கைடோவுல இன்னொரு வழி பாத்தாங்க. ஈரல் வாங்கினவரோட வெள்ளணுக்களை குடுத்தவரோட அணுக்களோட சேத்து லேப்ல வளத்து, சண்டையை அடக்குற டி-செல்ங்கற வெள்ளணுவை பெருக்கி திரும்ப ஏத்தினாங்க. 2016ல வெளியிட்டாங்க, 10 பேர்ல 7 பேர் மருந்தை விட்டுட்டாங்க, மத்த மூணு பேரும் தன் உடம்பே ஈரலைத் தாக்குற நோயால மாத்தினவங்க. அந்த அடக்குற செல்களைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2025 மருத்துவ நோபல். ஆனா இது இன்னும் ஆராய்ச்சிதான், எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கற சிகிச்சை இல்ல. அந்த மூணு பேர் மாதிரி நோயா இருந்தா மருந்தை விடறது கஷ்டம்ங்கறதால, அம்மாவுக்கு எந்த நோயால மாத்தினாங்கன்னு பழைய ஃபைலை எடுத்துப் பாருங்க.

இப்ப செய்யக்கூடியது, டோஸைக் குறைக்க முடியுமான்னு கேக்கறது. கிட்னியைக் காப்பாத்த டாக்ரோலிமஸைக் குறைச்சு எதிர்ப்பு சக்தியை அடக்குற வேற மருந்தான மைக்கோஃபினோலேட்டோ எவரோலிமஸோ சேக்கறது வழக்கம்தான், கூச்சப்படாம கேளுங்க. அதுக்கு முன்னாடி ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு சரியா எடுக்கணும், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு காலை மாத்திரையைப் போடாம பையில வெச்சுக்கிட்டுப் போய், ரத்தம் குடுத்ததும் அங்கயே போடச் சொல்லுங்க, போட்டுட்டுப் போனா அளவு கூடக் காட்டும், டாக்டரும் அதை நம்பி தேவைக்கு மேல குறைச்சுடுவாரு. பம்ளிமாஸ் பழமும் வேண்டாம், அதுவும் மருந்து அளவை ஏத்தி விடும். கஷாயம் ஏற்கெனவே குடிச்சிருந்தா மறைக்காம அந்த பாட்டிலையே கொண்டுபோய் காட்டி, இந்த வாரமே எல்எஃப்டி பாத்துடுங்க.